முதலில் வழி, பிறகு பைத்தான்

அண்ணா பல்கலைக்கழகம் தன் 2017 பாடத்திட்டத்தில், சிவில், மெக்கானிக்கல் உட்பட எல்லாப் பொறியியல் பிரிவுகளுக்கும் முதல் செமஸ்டரிலேயே ஒரு தாளை வைத்தது: சிக்கல் தீர்த்தலும் பைத்தான் நிரலாக்கமும். அதன் முதல் யூனிட்டில் பைத்தான் பாடம் இருக்கவில்லை. அல்காரிதம், ஃப்ளோசார்ட், அவற்றோடு நான்கு புதிர்கள்: பட்டியலில் மிகச் சிறிய எண்ணைக் கண்டுபிடிப்பது, அடுக்கிய சீட்டுகளுக்கு நடுவே புதுச் சீட்டைச் செருகுவது, ஒருவர் மனத்தில் நினைத்த எண்ணை ஊகிப்பது, ஹனாய் கோபுரத்தை இடம் மாற்றுவது. பைத்தான் இரண்டாம் யூனிட்டில்தான் தொடங்கியது. இந்த வரிசையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைகூட இந்த முதல் யூனிட்டைக் காகிதத்திலேயே கற்றுவிடலாம்.

முதல் புதிரை எடுத்துக்கொள்வோம்: 67, 42, 88, 35. இதில் சிறியது எது? நம் கண் சட்டென்று 35-ஐப் பிடித்துவிடும். நிரலோ ஒரு நேரத்தில் இரண்டு எண்களைத்தான் ஒப்பிடும். ஆகவே ‘சிறியது’ என்று ஒரு மாறி வேண்டும். அதில் தொடக்கத்தில் எதை வைப்பது? புதிதாகப் படிப்பவர்கள் பலர் 0 வைப்பார்கள். காகிதத்தில் போட்டுப் பாருங்கள்: 67 பூஜ்யத்தைவிடச் சிறியதா? இல்லை. 42? இல்லை. கடைசியில் பட்டியலிலேயே இல்லாத 0 விடையாக வந்து நிற்கும். பைத்தான் எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது, ஏனென்றால் இலக்கணம் சரி, யோசனைதான் தவறு. முதல் எண்ணான 67-ஐயே வைத்துத் தொடங்கினால் 42 வந்ததும் அது 42 ஆகும், 88-ல் மாறாது, 35-ல் முடியும். இப்படி வரிவரியாக மதிப்புகளை எழுதிப் பார்ப்பதைத்தான் ‘ட்ரை ரன்’ என்கிறார்கள்.

எண்ணை ஊகிக்கும் புதிர் இன்னும் அழகு. 1 முதல் 1000 வரை ஏதோ ஓர் எண். ‘பெரியது’, ‘சிறியது’ என்று மட்டும் பதில் வரும். ஒவ்வொரு முறையும் மிச்சத்தின் நடுவைச் சொன்னால் பத்து முறைக்குள் பிடித்துவிடலாம். பத்து லட்சம் எண்கள் என்றாலும் இருபது முறை போதும். 1883-இல் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா வெளியிட்ட ஹனாய் கோபுரம் (சிறியதன் மேல் பெரியது வராமல் தட்டுகளை ஒவ்வொன்றாக வேறு கம்பத்துக்கு மாற்றும் புதிர்) இதற்கு நேர்மாறு, தட்டுகள் கொஞ்சம் கூடினாலே நகர்வுகள் பலமடங்காகும்: 3 தட்டுக்கு 7 நகர்வு, 10 தட்டுக்கு 1023.

இந்தப் புதிர்களுக்கான நிரல்களையும் மனப்பாடம் செய்து தேர்வெழுதுகிறவர்கள் உண்டு என்பதுதான் வருத்தம். மிகச் சிறியதற்கு அடுத்த சிறிய எண்ணைக் கேட்டால் அவர்கள் நின்றுவிடுவார்கள். ட்ரை ரன் போட்டுப் பழகியவர் இரண்டாவதாக ஒரு மாறி வேண்டும் என்று உடனே கண்டுகொள்வார்; பட்டியலில் 35 இரண்டு முறை வந்தால் என்ன செய்வது என்றும் கேட்பார்.