பழைய டிராக்டர் வாங்குவோர் கவனத்திற்கு: பெயிண்டுக்கு அடியில் இருக்கும் துரு

சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை வாங்க வரும் விவரம் தெரிந்தவர்கள் முந்தானையின் பளபளப்பைக் கண்டு மயங்குவதில்லை. கரையும் உடலும் சேரும் கோர்வையைத் திருப்பிப் பார்ப்பார்கள். பழைய டிராக்டர் வாங்கப் புறப்படும் சிறு விவசாயிக்கும் இதே கண் வேண்டும். நகையை அடகு வைத்து வாங்கிய வண்டி முதல் பட்டத்திலேயே பட்டறையில் நின்றுவிட்டால், உழவும் போகும், வட்டியும் ஏறும்.

இந்தப் பக்கத்தில் அதிகம் கைமாறும் பழைய வண்டிகளில் மாசி பெர்குசன் 1035 ஒன்று. 1960ல் தொடங்கப்பட்ட டாபே நிறுவனம் சென்னை செம்பியத்தில் மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யத் தொடங்கியது. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் எஞ்சினும் செம்பியத்துச் சரக்கே. உதிரி பாகம் கிடைப்பதும், ஊர் மெக்கானிக்குக் கை பழகியிருப்பதும் இதன் பெரிய பலம். ஆகவே பழசு என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்க வேண்டியது ஏமாற்று வேலை பார்த்த வண்டியைத்தான்.

நெல் வயலில் உழைத்த வண்டி துருப் பிடிக்கக் காரணம் தேட வேண்டாம். கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு முடித்ததும் கழுவாமல் நிறுத்தினால், மட்கார்டின் உள்மடிப்பில் சேறு அப்பி நாள்கணக்கில் ஈரம் காக்கும். பொட்டாஷ் போன்ற உரம் சிந்தினால் அதிலுள்ள உப்பு தகட்டை வேகமாகத் தின்னும். பாட்டரி வைக்கும் தட்டை ஆசிட் அரிக்கும். டயரில் தண்ணீர் நிரப்பிய வண்டியில் வால்வு ஓட்டையைச் சுற்றி ரிம் உளுத்துப் போகும்.

இவற்றை மறைப்பது மிகச் சுலபம். ஓட்டை விழுந்த தகட்டின் மேல் இன்னொரு தகட்டை ஒட்டி, பட்டி பார்த்து, சிவப்புப் பெயிண்ட் அடித்தால் புது மெருகு வந்துவிடும். இரண்டு தகடுகளுக்கும் நடுவே ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் துரு வேலை செய்துகொண்டே இருக்கும். சட்டைப் பையில் ஒரு சிறு காந்தம் இருந்தால் போதும். இரும்புத் தகட்டில் அது நறுக்கென்று ஒட்டும். கனமான பட்டியின் மேல் ஒட்டாமல் நழுவும். மட்கார்டின் அடிப்புறத்தைக் கையால் தடவியும், தட்டியும் பார்க்க வேண்டும். அந்தப் பக்கம் யாரும் பெயிண்ட் அடித்து ஏமாற்ற மெனக்கெடுவதில்லை.

தகடு போனால் மாற்றலாம். வார்ப்பு போனால்தான் ஆபத்து. இந்த வகை டிராக்டருக்கு லாரி போலத் தனிச் சேசிஸ் கிடையாது. எஞ்சின், கிளட்ச் கூடு, கியர் பெட்டி, பின் அச்சுக் கூடு ஆகியவை ஒன்றோடொன்று போல்ட்டில் இணைந்து, அவையே முதுகெலும்பாக நிற்கின்றன. கிளட்ச் கூட்டில் விரிசல் விழுந்து, வார்ப்பிரும்பைச் சரியாகச் சூடேற்றாமல் வெல்டிங் வைத்திருந்தால், பக்கத்திலேயே மறு விரிசல் விடும். அங்கே எம்-சீல் பூச்சோ, புது வெல்டிங் தழும்போ கண்ணில் பட்டால், விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுவதே புத்திசாலித்தனம்.

எஞ்சினைப் பார்க்க அதிகாலையில், சூடேற்றி வைக்காத நேரத்தில் போக வேண்டும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் தண்ணீர் செங்காவியாக இருக்கிறதா, எண்ணெய் மிதக்கிறதா என்று பார்க்கலாம். டிப் குச்சியில் ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் சின்னச் செலவு. பிளாக் விரிசல் என்றால் பெருஞ்செலவு. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்த பிறகு, அது சட்டென்று கீழே இறங்கினால் ஹைட்ராலிக்கில் தேய்மானம் உண்டு.

இவ்வளவும் தேறிய வண்டியை வாங்கியபின் துருவைச் சீர் செய்யும் முறை ஒன்றும் ரகசியமல்ல. மேலே ஒட்டுப் போடாமல், கெட்டதை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மற்ற இடங்களைக் கம்பி பிரஷால் தேய்த்து, எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, அன்றே ரெட் ஆக்சைடு பூசுவது முக்கியம். மறுநாள் என்று விட்டால் காற்றின் ஈரத்திலேயே புதுத் துரு படியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். வெல்டிங்குக்கு முன் பாட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். டீசல் டாங்கியில் ஓட்டை என்றால், காலியாகத் தெரிகிறதே என்று அதில் நெருப்பு வைக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவி வெடித்து உயிருக்கே உலை வைக்கும். அதற்கென்று கழுவிச் செய்யத் தெரிந்தவரிடம் கொடுக்கலாம், அல்லது டாங்கியையே மாற்றலாம்.

இரண்டு மூன்று ஏக்கர் மட்டும் உள்ளவர் ஒரு கணக்கும் போட்டுப் பார்ப்பது நல்லது. தமிழக வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர்களை மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வருடத்துக்குச் சில நாள் உழவுக்கு அது போதுமானால், சொந்த வண்டியின் பராமரிப்புச் செலவு மிச்சம்.

வாங்குவதென்று முடிவானால், முன்பணம் தருமுன் ஆர்.சி. புத்தகத்தின் எண்களை வண்டியில் பொறித்த எண்ணுடன் ஒப்பிட வேண்டும். வங்கிக் கடன் பதிவு இருந்தால் படிவம் 35ல் அது நீக்கப்பட வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு உண்டு. அதன் புத்தகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.