2 எழுத்துதான் துப்பு! லண்டன் கெடிகாரத் தொழிலாளிகளைத் தேடிப் பிடிக்கும் பழைய ரிக்கார்டுகள்

பழைய லண்டன் வெள்ளிக் கெடிகாரத்தின் பின்மூடியைத் திறந்தால், உள்பக்கம் பொடியாக 2 எழுத்து இருக்கும். கூடு செய்தவனின் அடையாளம் அது. உள்ளே மிஷினில் கம்பெனிக்காரர் பேரு முழுசாக இருக்கும். கூட்டை அடித்து உருட்டியவனுக்கு வெறும் 2 எழுத்துதான்!

அந்த 2 எழுத்தை வைத்தே, 200 வருஷத்துக்கு முன் இருந்த தொழிலாளியின் தெரு, பெண்டாட்டி, பிள்ளைகள் வரை கண்டுபிடிக்கிறார்கள் ஆராய்ச்சிக்காரர்கள். போலீசார் கைரேகையை வைத்து ஆளைப் பிடிப்பது போலத்தான்!

எப்படி சிக்குகிறார்கள்?

வெள்ளியைச் சோதித்து முத்திரை போடும் இடம் லண்டன் பொற்கொல்லர் மண்டபம். கூடு செய்பவர் தன் எழுத்து முத்திரையை அங்கே பேரு, விலாசத்துடன் பதிய வேண்டும். ஒரே எழுத்து பல பேருக்கு இருக்கும். ஆகவே எழுத்தைச் சுற்றிய கட்டத்தின் வடிவம், பக்கத்திலுள்ள வருஷ முத்திரை இரண்டையும் ஒத்துப் பார்க்கிறார்கள்.

பேரு கிடைத்தால் அடுத்த வேட்டை! தேவாலயக் கல்யாணப் பதிவேடு, 1841 முதல் பேருடன் எடுத்த சென்சஸ் எல்லாம் புரட்டப்படுகின்றன. கெடிகாரத் தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பேட்டை கிளர்க்கன்வெல். 1674 முதல் 1913 வரையிலான ஓல்டு பெய்லி கோர்ட்டு வழக்குகளிலும் கெடிகாரத் திருட்டு ஏராளம்!

வயிற்றில் அடித்த வரி

1797-ல் பிரதமர் பிட் கெடிகாரம் வைத்திருந்தாலே வரி என்றார். தங்கக் கெடிகாரத்துக்கு வருஷம் 10 ஷில்லிங்; வெள்ளிக்கு இரண்டரை ஷில்லிங். ஜனங்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். தொழிலாளி குடும்பங்கள் பட்டினி! கூக்குரல் கிளம்பியது. 1798-லேயே வரி ரத்தானது.

புருஷன் செத்த பிறகு பட்டறையை இழுத்து மூடாமல், தன் பேரில் புது முத்திரை பதிந்து தொழில் நடத்திய விதவைகளும் உண்டு. ‘புருஷன் எப்போது போனான்?’ என்பதற்கு அந்தப் பதிவே சாட்சி.

காணாமல் போன புத்தகம்

எல்லாருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. சின்ன வேலைக்காரர்களின் முத்திரை பதிந்த 1739 – 1758 பதிவேடு மண்டபத்தில் இல்லை. தொலைந்தே போச்சு!

அந்த 19 வருஷத்தில் முத்திரை பதிந்த பலருக்கு இன்றைக்கு மிச்சம், மூடிக்குள் இருக்கும் அந்த 2 எழுத்து மட்டும்தான்.