குட்டி எத்தனை நாள் தாயோடு இருந்தது?

பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நாய் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் விசாரிப்பது இனத்தை. லேப்ரடார் என்றால் சாது, பொமரேனியன் சின்னது என்பதால் பயமில்லை, ராஜபாளையம் வளர்த்தவரைத் தவிர யாருக்கும் அடங்காது என்று ஆளுக்கொரு ஜாதகம் சொல்வார்கள். குணத்தை இனப்பெயரிலேயே படித்துவிடலாம் என்ற இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் குறைவு. அமெரிக்காவில் 18,000-க்கும் மேற்பட்ட வளர்ப்பு நாய்களின் நடத்தையை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்து, அவற்றில் ஒரு பகுதியின் மரபணுவோடு ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. ஒரு நாய்க்கும் இன்னொன்றுக்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காட்டுக்கே இனம் காரணம் என்று அது கண்டது. சொன்னதைக் கேட்டு நடக்கும் குணத்தில் இனத்துக்குக் கொஞ்சம் பங்குண்டு; எளிதில் சீறுமா என்று கேட்டால் இனப்பெயர் ஏறக்குறைய வாய்மூடி நிற்கிறது. ஆகவே குட்டியைப் பார்க்கப் போகிற இடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இது எத்தனை நாள் தாயோடும் உடன்பிறந்த குட்டிகளோடும் இருந்தது?

பிறந்த 3-வது வாரம் தொடங்கி ஏறக்குறைய 14-வது வாரம் வரை நாய்க்குட்டிக்கு உலகம் அறிமுகமாகும் காலம். மிக்ஸி இரைச்சல், குக்கர் விசில், வீறிட்டு அழும் குழந்தை, தடுமாறி ஓடும் சின்னக் கால்கள் இவையெல்லாம் இயல்பானவை என்று அது பழகிக்கொள்வது அப்போதுதான். அதே வாரங்களில் இன்னொரு படிப்பும் நடக்கிறது. உடன்பிறந்ததை விளையாட்டாக அழுத்திக் கடித்தால் அது கீச்சிட்டு விலகிப் போய்விடும், விளையாட்டு நின்றுவிடும். பல் எவ்வளவு அழுந்தலாம் என்ற கணக்கு இப்படித்தான் பதிகிறது. 30, 35 நாளிலேயே பிரித்துக் கூடையில் வைத்து விற்கப்படும் குட்டிக்கு இந்தப் பாடம் பாதியில் நின்றுபோகிறது. மீதியை அது நம் பிள்ளையின் கையில் படிக்கும். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017-ல் கொண்டுவரப்பட்ட நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன. குட்டி ஈனவைத்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். நாயின் நலனுக்காக எழுதப்பட்டவை என்றாலும், குழந்தையின் முகத்துக்கும் இவைதான் முதல் காவல். தாயைக் காட்டச் சொல்லுங்கள். "தாய் வேற இடத்துல இருக்குங்க" என்று பதில் வந்தால் வெறுங்கையோடு திரும்பிவிடலாம்.

விதி ஏட்டில் இருக்கிறது, சந்தையில் யார் மதிக்கிறார்கள் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கண்காணிப்பு தளர்ந்த இடத்தில் வாங்குபவர் கேட்டு வாங்கும் காகிதத்துக்குத்தான் மதிப்பு கூடுகிறது. விற்பவரின் பெயர், பதிவு எண், குட்டி பிறந்த தேதி, போட்ட ஊசிகள், கொடுத்த விலை இவ்வளவும் ரசீதில் இருந்தால் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். அசையும் உடைமை எதுவும் அந்தச் சட்டத்தில் 'பொருள்'தான். நாய்க்குட்டியைப் பொருள் என்று சொல்ல மனம் கூசினாலும் வழக்குக்கு அந்தச் சொல்தான் உதவும். வாங்கிய அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பார்வோ கிருமி தொற்றினால் நோய் வெளிப்படப் பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். வந்த மறுநாளே குட்டி வாந்தியும் ரத்தப்போக்குமாகச் சுருண்டால், நோய் விற்ற இடத்திலிருந்தே வந்தது என்று வாதாட அந்தச் சீட்டு சாட்சி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 1915 என்ற எண்ணில் அழைத்து முதலில் ஆலோசனையும் கேட்கலாம்.

இனம் முக்கியமில்லை என்றால் சென்னையில் நடந்தது என்ன என்பது அடுத்த ஆட்சேபம். 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதிப் பூங்காவில் 5 வயதுச் சிறுமியை ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்கு இரு மாதம் முன்புதான் மத்திய அரசு 23 இனங்களை மூர்க்கமானவை என்று பட்டியலிட்டு, அவற்றைத் தடைசெய்யும்படி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இங்கே இரண்டு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. ஒரு நாய் கடிக்குமா என்பது ஒன்று. கடித்தால் எவ்வளவு சேதம் என்பது இன்னொன்று. முதலாவதை வளர்ப்பு பெரும்பாலும் தீர்மானிக்கிறது. இரண்டாவதைத் தாடையின் பலமும் உடம்பின் எடையும் தீர்மானிக்கின்றன, அது இனத்தோடு வருவது. ஆகவே நடக்கத் தொடங்கிய பிள்ளை இருக்கும் வீட்டில் 40, 50 கிலோ நாயை முதல் நாயாகக் கொண்டுவருவது விவேகமல்ல. அதற்காகப் பட்டியலில் இல்லாத இனமெல்லாம் பத்திரம் என்று ஆகிவிடாது. நெதர்லாந்து பிட்புல் வகை நாய்களுக்கு 1993-ல் விதித்த தடையை, கடிகள் குறையவில்லை என்று கண்டு 2008-ல் விலக்கிக்கொண்டது. பட்டியல் தரும் பெரிய கெடுதல், 'நம்ம வீட்டுது லேப்ரடார்தானே' என்று பெற்றோரைக் கண்ணயர வைப்பது.

குட்டியைத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. குட்டி என்பது ஊகம். இரண்டு, மூன்று வயதுக்கு வந்த நாயின் குணம் கண்முன் இருக்கிறது. தெருவிலிருந்து மீட்கப்பட்டுக் காப்பகத்தில் இருக்கும் நாட்டு நாயின் பூர்விகம் தெரியாதே என்பார்கள். பூர்விகம் தெரியாதுதான், ஆனால் நான்கைந்து முறை பிள்ளையோடு போய்ப் பழகிப் பார்த்தால் அது குழந்தை ஓடும்போது துரத்துகிறதா, ஒதுங்கிப் போகிறதா, வாலாட்டி அருகில் வந்து முகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நம் வெயிலுக்கும் அது பழகியது. கோடையில் இரைத்தபடி குளிர்சாதன அறைக்குள் கிடக்கும் ஹஸ்கி பிள்ளையோடு மாலையில் எங்கே விளையாடும்? அடுக்குமாடிச் சங்கம் ஆட்சேபித்தால், நாய் வளர்ப்பதையே தடைசெய்ய அதற்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. மாநகராட்சி உரிமமும் தடுப்பூசியும் மட்டும் நம் பொறுப்பு. சென்னையில் அந்த உரிமம் கட்டாயம்.

எவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு மிச்சம் இருக்கிறது. சிறு பிள்ளைகளைக் கடிப்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரிந்த நாய்தான், அதுவும் வீட்டுக்குள்தான். தூங்கும்போது கட்டிப்பிடிப்பது, தட்டில் கை வைப்பது, வாயிலுள்ள எலும்பைப் பிடுங்குவது ஆகியவை வழக்கமான காரணங்கள். குழந்தையின் உயரம் குறைவு என்பதால் கடி முகத்தில் விழுகிறது. கடிக்கும் முன் நாய் பலமுறை சொல்லிப் பார்க்கும்: முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், உடம்பு விறைக்கும், பிறகு உறுமும். உறுமியதற்காக அடித்தால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். பிள்ளைக்கு ஐந்தாறு வயது ஆகும் வரை பெரியவர் ஒருவர் அதே அறையில் இல்லாமல் அதையும் நாயையும் தனியே விடக் கூடாது. 'எங்க காலத்துல இப்படியெல்லாம் பார்க்கலையே' என்று தாத்தா பாட்டிகள் சொல்லக்கூடும். அன்று நாய் முற்றத்திலும் தெருவிலும் இருந்தது, பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடும். இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அது எங்கே போகும்? குழந்தை நெருங்காத ஒரு மூலையை அதற்கு ஒதுக்கித் தருவது நாம் செய்ய வேண்டியது.

நம் நாய் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கடித்தால், கவனக்குறைவு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. நம் பிள்ளையையே கடித்தால், ஊசி போட்ட நாய்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடக் கூடாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். ரத்தம் வந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் வேண்டுமா என்பதை மருத்துவர் சொல்வார். தடுப்பூசித் தவணைகளில் ஒன்றையும் தவறவிடக் கூடாது. சிறு கீறலைப் பிள்ளைகள் மறைத்துவிடுவதும் உண்டு: திட்டு விழும், நாயைக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் என்ற பயம். நாய் வீட்டுக்கு வரும் அன்றே, கீறினாலும் கடித்தாலும் சொல்லலாம், உன்னையும் திட்ட மாட்டோம், அதையும் விரட்ட மாட்டோம் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.