சின்ன வெங்காயம் இருக்க மாத்திரை எதற்கு?

குற்றால சீசன் வந்தால் மங்குஸ்தானுக்குத் தனி மவுசு. வீரகேரளம்புதூர் பெரியவர்களுக்கோ பக்கத்துத் தோட்டத்துச் சின்ன வெங்காயமும் தக்காளியுமே கைகொடுக்கும்.

வயது ஏற ஏற, காயமோ கிருமியோ இல்லாமலேயே உடலுக்குள் லேசான அழற்சி நீடிக்கும். இதயநோய், சர்க்கரைநோய் இரண்டிலும் அதற்குப் பங்குண்டு. அதைத் தணிக்க உணவில் உள்ள ஆன்டிஆக்சிடன்ட்கள் உதவலாம். வெங்காயத்தில் இருப்பது குவர்செடின். வெளி அடுக்குகளில்தான் அது அதிகம். காய்ந்த தோலை மட்டும் உரித்தால் போதும். தக்காளியின் லைகோபீனை, எண்ணெயில் வதக்கினால் உடல் நன்றாக ஈர்த்துக்கொள்ளும்.

'அதற்கு மாத்திரையே போட்டுக்கொள்ளலாமே' என்கிறீர்களா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வு 1994-ல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவிகிதம் கூடியிருந்தது!

சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் தக்காளியின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.