தெற்குச் சாலை – 9: சாரல் கூட்டிப்போன நாள்

தென்காசி ஸ்டேஷன் வாசலில் பெரியப்பா குடையோடு நின்றிருந்தார். ஆடி மாதத்தில் இங்கே குடை பிடிப்பது மழைக்கு அல்ல, சாரலுக்கு. சட்டையில் பொட்டுப் பொட்டாக விழும், அடுத்த கீற்று வெயிலில் காய்ந்துவிடும்.

"நேரே குத்தாலம் போயிரலாமா பெரியப்பா?"

"ஏல, என்ன அவசரம்? அருவி எங்கயும் ஓடிப் போயிராது. மொதல்ல கோயிலப் பாரு."

காசி விசுவநாதர் கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரம் ஏறத்தாழ 180 அடி உயரம். பெரியப்பா சின்ன வயதில் பார்த்ததெல்லாம் சிதைந்து போன மொட்டைக் கோபுரம்தான். 1990-ல்தான் அது முழு உருவில் எழும்பிக் குடமுழுக்குக் கண்டது. 15-ஆம் நூற்றாண்டில் இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன், பின்னாளில் இதைப் பழுது பார்த்துக் காப்பவர்களின் காலில் விழுவதாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். முகம் தெரியாதவர்களை ஓர் அரசன் முன்கூட்டியே வணங்கியதை நினைத்தபடி அண்ணாந்து பார்த்தேன். கண் நிறைந்துவிட்டது.

வாசலில் நுழைந்தால் காற்று எதிரே வந்து நெஞ்சைத் தள்ளுகிறது. பாதி தாண்டினால் அதுவே முதுகில் கைவைத்து உள்ளே அனுப்பும் என்பார்கள் ஊர்க்காரர்கள். எனக்கு அப்படித்தான் இருந்தது. மேற்கு மலை ஆரியங்காவுக் கணவாயில் சற்றே தாழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிச்ச ஈரத்தோடு அந்த வழியாகத்தான் இங்கே நுழைகிறது. குற்றாலச் சாரலும் இந்தக் காற்று கொண்டுவருவதுதான்.

குற்றாலத்தில் பேரருவிக்குப் போனபோது தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. போலீஸ்காரர்கள் யாரையும் விடவில்லை. ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அதில் எனக்குக் குறையே இல்லை. நடுமலையில் பொங்குமாங்கடல் என்ற பள்ளம் அருவியைத் தாங்கிப் பிடித்து, வேகத்தைத் தணித்துத்தான் கீழே அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் இந்தத் தண்ணீருக்கு அடியில் மனிதன் நிற்க முடியாது. பிறகு விட்டார்கள். முதல் அடி உச்சந்தலையில் கூழாங்கற்களை அள்ளிக் கொட்டியதுபோல விழுந்தது. காது அடைத்தது, மூச்சு முட்டியது. கொஞ்ச நேரத்தில் தோள்பட்டை தானாகத் தளர்ந்தது. முன்பு உடம்பெல்லாம் எண்ணெய் வழிய வந்து நிற்பார்கள். இப்போது எண்ணெய், சோப்பு, ஷாம்பு எல்லாவற்றுக்கும் தடை. இதே தண்ணீர்தான் சிற்றாறாக ஓடி வயலுக்குப் போகிறது என்பதால், இந்தத் தடை எனக்கு முழுச் சம்மதம்.

வெளியே மங்குஸ்தான் குவித்திருந்தார்கள். பழக்காரம்மா ஒன்றைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். பூப்போல ஒரு தழும்பு.

"எத்தன இதழ்னு எண்ணுங்க தம்பி. உள்ள அத்தன சுளை."

ஆறு இதழ் இருந்தது. உள்ளங்கையில் வைத்து அழுத்தினார். கருஞ்சிவப்புத் தோல் பிளந்து, பஞ்சு வெள்ளையில் ஆறு சுளை.

குற்றாலநாதரைக் கும்பிட்டுவிட்டுச் சித்திர சபைக்கு நடந்தோம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. ஆடவல்லான் இங்கே சிலையாக இல்லை, சுவரில் ஓவியமாக ஆடுகிறார். கூட்டமெல்லாம் அருவியோடு திரும்பிவிடுவதால் உள்ளே ஐந்தாறு பேர்தான். இவ்வளவு தூரம் வந்தும் இதைப் பார்க்காமல் போகிறார்களே என்று மனசு அடித்துக்கொண்டது. ரசிகமணி டி.கே.சி. இந்த ஊரிலேயே குடியிருந்து, வந்தவர்களுக்கெல்லாம் விருந்தும் கவிதையும் பரிமாறியவர். அவசரமாக வந்தவர்கள்கூட அவரிடம் அவசரத்தை மறந்திருப்பார்கள்.

அருவிக் குளியலின் பசி தனிப்பசி. பொழுது சாய்ந்ததும் செங்கோட்டைப் பக்கம் பிரானூருக்குப் போனோம். அந்த இடத்துக்கே 'பார்டர்' என்றுதான் பேர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது, எல்லை இங்கேதான். இப்போது எல்லை புளியரைக்கு அப்பால் போய்விட்டது. பேரும் பரோட்டாவும் இங்கேயே தங்கிவிட்டன. வாழையிலையில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னா. பக்கத்தில் நாட்டுக்கோழி, மிளகுக் காரம் மூக்கில் ஏறியது. பெரியப்பா பேச்சை நிறுத்திவிட்டு நாலு பரோட்டா சாப்பிட்டார். எழுபத்திரண்டு வயது.

கை கழுவி வெளியே வந்தால் கணவாய்ப் பக்கமிருந்து மறுபடியும் சாரல். குடையைக் கடையிலேயே விட்டுவிட்டதாகப் பெரியப்பா திரும்பிப் போனார். வரும்போது குடையோடு, பெரியம்மாவுக்கு இரண்டு பரோட்டா பார்சலும் கையில் இருந்தது.

(தொடரும்)