நினைவகம் கூடியது; கணினி ஏன் தடுமாறுகிறது?

மேசைக் கணினியில் 8 ஜிபி நினைவகம் போதவில்லை என்று இன்னொரு 8 ஜிபி ரேம் வாங்கிச் செருகுகிறோம். வேகம் கூடும் என்று பார்த்தால் கணினி திடீரென அணைகிறது, நீலத்திரை தோன்றுகிறது. பழுது எங்கே?

பல வேளைகளில் ரேம் சரியாகப் பொருந்தியிருக்காது. மின்சாரத்தைத் துண்டித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிய பிறகு, ரேமைக் கழற்றி, 'கிளிக்' ஓசை கேட்கும்வரை மீண்டும் அழுத்துங்கள்.

அடுத்தது வேகம். வெவ்வேறு வேகமுள்ள இரண்டு ரேம்கள் சேர்ந்தால், மெதுவானதன் வேகத்திலேயே இரண்டும் இயங்க வேண்டும். பயாஸ் அமைப்பில் 'எக்ஸ்எம்பி' எனும் கூடுதல் வேகத் தெரிவு இருந்தால் அணைத்துப் பாருங்கள். டிடிஆர்4 ரேமின் வழக்கமான மின்னழுத்தம் 1.2 வோல்ட். அந்தத் தெரிவோ பெரும்பாலும் 1.35 வோல்ட் கேட்கும்.

இன்னும் தடுமாறினால், ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ரேமாகச் செருகி, 'மெம்டெஸ்ட்86' மென்பொருளால் சோதியுங்கள். ஒன்றில் மட்டும் பிழை வந்தால் அதுவே பழுது. இரண்டும் தேறினால் அடுத்த ஸ்லாட்டையும் சோதியுங்கள். சேரும்போது மட்டும் பிழை வந்தால், அவை ஒத்துப்போகவில்லை; ஜோடியாக விற்கப்படும் ரேம்களே நல்லது.

ஒரு பிழைதானே என்று விடாதீர்கள். நினைவகத்தில் ஒரு பிட் மாறினாலும், சேமிக்கும் படமோ கணக்கோ சத்தமில்லாமல் கெட்டுப்போகலாம். சோதனை முடியும்வரை முக்கியக் கோப்புகளைத் திறந்து திருத்த வேண்டாம்.