சினைப்பைப் புற்றுநோய்த் தோற்ற ஆய்வில் செல் மாதிரிகளின் பொருத்தப்பாடு

சினைப்பைப் புற்றுநோய் என்பது ஒரு நோயன்று. தோற்றத்தாலும் மரபணு மாற்றங்களாலும் வேறுபட்ட பல நோய்களுக்கான பொதுப்பெயராகும். இவற்றுள் மிகுதியான இறப்புகளுக்குக் காரணமாவது உயர்தர சீரஸ் வகை. 2011ஆம் ஆண்டில் இவ்வகைக் கட்டிகள் 316 ஆராயப்பட்டபோது, 96 விழுக்காட்டில் டிபி53 மரபணு திடீர்மாற்றம் அடைந்திருந்தமை அறியப்பட்டது. எனவே, இவ்வகையை ஆராய்வதற்கான செல் மாதிரியிலும் இப்பண்பு இருத்தல் வேண்டும்.

நடைமுறை வேறாக இருந்தது. சில்வியா டோம்கே உள்ளிட்டோர் 2013இல் 47 செல் வரிசைகளை நோயாளிகளின் கட்டிகளோடு ஒப்பிட்டனர். அதுவரை மிகுதியாகக் கையாளப்பட்ட எஸ்கே-ஓவி-3, ஏ2780 ஆகிய இரண்டும் உயர்தர சீரஸ் வகைக்குப் பொருந்தாதவை எனவும், அரிதாகவே பயன்பட்ட குராமோச்சி, ஓவிசாஹோ ஆகியவை நெருங்கிப் பொருந்துபவை எனவும் தெரியவந்தது. ஏ2780 செல்களில் டிபி53 மாற்றமே இல்லை. இதனால் அவற்றின்வழிப் பெற்ற முடிவுகள் யாவும் பிழை என்றாகாது. சிஸ்பிளாட்டின் எதிர்ப்பை ஆராய அவை இன்றும் பயன்படுகின்றன. எந்த நோயைப் பற்றிய முடிவு என்பதே வினா.

நோய் எங்கே தொடங்குகின்றது என்பது அடுத்த சிக்கல். சினைப்பையின் மேற்பரப்புச் செல்களே மூலம் என நெடுங்காலம் கருதப்பட்டது. பிஆர்சிஏ மரபணுக் குறைபாடுடைய பெண்களிடமிருந்து முன்காப்பாக அகற்றப்பட்ட உறுப்புகளை ஆராய்ந்தபோதோ, தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் கருக்குழாயின் விரல்போன்ற நுனியிலேயே காணப்பட்டது. முற்றிய நோயாளியின் வயிற்றுநீரிலிருந்து பெறப்படும் செல் வரிசை நோயின் இறுதிநிலையைக் காட்டுமேயன்றித் தொடக்கத்தைக் காட்டாது. ஆகவே கருக்குழாயின் சுரப்புச் செல்களை அழிவின்றிப் பெருகச் செய்து, மரபணு மாற்றங்களை ஒவ்வொன்றாகப் புகுத்தும் முறை உருவானது. இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இதற்குப் பயன்படும் எஸ்வி40 நச்சுயிரிப் புரதம், பி53, ஆர்பி என்னும் இரு காப்புப் புரதங்களையும் ஒருசேர முடக்கிவிடுகின்றது. நோய் பல ஆண்டுகளில் கடக்கும் படிகள் இங்கே ஒரே தாவலில் கடக்கப்படுகின்றன.

முப்பரிமாண ஆர்கனாய்டுகளில் சுரப்புச் செல்களும் குற்றிழைச் செல்களும் இணைந்தே வளர்வதால் இக்குறை ஓரளவு நீங்குகின்றது. எனினும் அவற்றில் இரத்தக் குழாய்களோ நோயெதிர்ப்புச் செல்களோ இல்லை; புற்று வயிற்றறைக்குள் பரவும் நிலையை ஆராய இன்றும் எலி மாதிரிகளையே நாடவேண்டியுள்ளது.